அச்சின் உயரம்: அமெரிக்க ஜீப் மரபில் பெரிய டயரும் லெவலிங் கிட்டும்

நான்கு சக்கரங்களாலும் இழுக்கப்படும் வண்டியொன்றின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே உள்ள வெளியைத் தரை இடைவெளி, அதாவது கிரவுண்ட் கிளியரன்ஸ், என்பர். வண்டியின் மேற்கூடு எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதைக் கொண்டு இது அளக்கப்படுவதில்லை. தரைக்கு மிக அருகில் தொங்கும் உறுப்பு எதுவோ, அதன் அடியிலிருந்தே அளக்கப்படுகிறது. பழைய ஜீப்புகளில் அந்த உறுப்பு, இடவலச் சக்கரங்கள் இரண்டையும் ஒரே குழாயால் இணைக்கும் திட அச்சின் நடுவே, பற்சக்கரங்களை உள்ளடக்கிப் பானைபோல் புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல் கூடாகும். ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியை உயர்த்தினாலும், சேசிஸ் சட்டத்துக்கும் மேற்கூட்டுக்கும் இடையில் கட்டைகளைச் செருகினாலும் இந்தக் கூடு இருந்த இடத்தைவிட்டு ஓர் இழையும் மேலேறாது. அதை மேலேற்றக்கூடியது டயர் ஒன்றே. அதுவும் தன் விட்டம் கூடும் அளவில் பாதியை மட்டுமே உயரமாகத் தரும். 31 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயரை மாட்டினால் அச்சு 1 அங்குலம் உயரும், அவ்வளவுதான். ஆகவே வண்டியை உயர்த்தும் வேலை, அதன் மூல நோக்கத்தில், பெரிய டயர் உரசாமல் சுழல இடம் ஒதுக்கித்தரும் துணைவேலையே ஆகும். அமெரிக்காவில் ஜீப் தோன்றிய 1940 முதல் இன்றுவரையிலான காலத்தில், டயருக்காக உயரம் என்றிருந்த இந்த முறைமை, உயரத்துக்காக டயர் என்று படிப்படியாகத் தலைகீழானது.

இதன் தொடக்கத்தில் நிற்பது சிறிய டயர். 1940-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கத் தரைப்படை எடை குறைந்த உளவு வண்டியொன்றுக்காக 135 நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கேட்டபோது, பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் நகரில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பேண்டம் நிறுவனம், கார்ல் ப்ராப்ஸ்ட் என்னும் பொறியாளரைக் கொண்டு மாதிரி வண்டியை வரைந்து, கட்டி, அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று ஹோலபேர்ட் முகாமில் ஒப்படைத்தது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்து தள்ளின. அவற்றுக்கு மாட்டப்பட்ட டயரின் அளவு 6.00-16 என்று குறிக்கப்பட்டது. முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாம் எண் உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின், அதாவது ரிம்மின், விட்டத்தையும் அங்குலத்தில் காட்டும். மொத்த விட்டம் 28 அங்குலத்தை ஒட்டியது. 60 குதிரைத்திறன் மட்டுமே தந்த எஞ்சினால் இதைவிடப் பெரிய சக்கரத்தைச் சேற்றில் சுழற்றியிருக்க முடியாது. மேலும் குறுகலான டயர் மேற்சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அடியிலுள்ள கெட்டித் தரையைப் பற்றும் என்பதும் அக்காலப் படைப் பொறியாளர்களின் துணிபு. முன்னே போவதற்கும் பின்னே வருவதற்கும் ஒரே அளவு பிடிப்புத் தருமாறு அதன் பற்கள் எத்திசைக்கும் சாராமல் வெட்டப்பட்டிருந்தன.

போருக்குப்பின் 1945-இல் வில்லிஸ் நிறுவனம் சி.ஜே-2ஏ என்ற பெயரில் பொதுமக்களுக்கான ஜீப்பை உழவர்களை நோக்கி விற்பனைக்கு விட்டது. படையிலிருந்து கழிக்கப்பட்ட ஜீப்புகளும் சந்தைக்கு வந்தன. வாங்கியவர்களில் ஒரு சாரார் அவற்றை ஏர் இழுக்கப் பயன்படுத்தாமல் மலையேறப் பயன்படுத்தினர். கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் ஊரார் 1953-இல் தொடங்கிய ஜீப் திருவிழா, சியரா நெவாடா மலைத்தொடரைக் கடந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்கும் ரூபிகான் தடத்தில் ஆண்டுதோறும் வண்டிகளை அணிவகுக்கச் செய்தது. கருங்கற்பாறைகள் உருண்டு கிடக்கும் அந்தத் தடத்தில் ஜீப்பின் டிஃபரென்ஷியல் கூடு பாறையில் மோதி நிற்பது அன்றாட நிகழ்ச்சியாயிற்று. சிறு லாரிகளின் சற்றே பெரிய டயர்களை மாட்டிப் பார்த்தவர்கள், அவை மட்கார்டில் உரசியதைக் கண்டு, லீஃப் ஸ்பிரிங் என்னும் பட்டை அடுக்குகளைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் துண்டுகளை நீளமாக்கினர். கூடுதல் பட்டைகளைச் செருகினர். இன்னும் துணிந்தவர்கள், அச்சுக்கு அடியில் கட்டப்பட்டிருந்த பட்டைகளை அச்சுக்கு மேலே ஏற்றிக் கட்டி, அச்சும் பட்டையும் சேர்ந்த கனத்தின் அளவுக்கு வண்டியை ஒரே மூச்சில் உயர்த்தினர். பெரும்பாலும் பண்ணைக் கொட்டகையில் இருந்த வெல்டிங் கருவியே இந்த வேலைகளுக்கெல்லாம் போதுமானதாக இருந்தது.

மலையில் உயரம் தேவைப்பட்டது என்றால் மணலில் பரப்பு தேவைப்பட்டது. ஒரு சக்கரத்தின்மீது இறங்கும் எடையை உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். 1,000 பவுண்டு எடை தாங்கும் சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால் தொடுபரப்பு 33 சதுர அங்குலம். காற்றை 12 பவுண்டாகக் குறைத்தால் அது 83 சதுர அங்குலமாக விரிந்து வண்டி மணலில் புதையாமல் மிதந்து செல்லும். ஆனால் குறுகலான டயரில் இவ்வளவு காற்றை இறக்கினால் ரிம் தரையை இடிக்கும். அகலமும் பக்கச்சுவரின் உயரமும் மிகுந்த டயரே இதைத் தாங்கும். அத்தகைய டயர் அன்று ஜீப்புகளுக்கென்று செய்யப்படவில்லை. அது வயலில் இருந்தது. உழுத நிலத்தை அழுத்திக் கெடுக்காமல் உரம் தெளிக்கும் பொறிகள் ஓடவேண்டும் என்பதற்காக, குட்இயர் நிறுவனம் 'டெர்ரா டயர்' என்ற பெயரில் 1950களிலேயே அகலமான, குறைந்த அழுத்த டயர்களை உருவாக்கியிருந்தது. இவ்வகை மிதவை டயர்கள் 1960களில் தெற்குக் கலிஃபோர்னியப் பாலைநில ஓட்டுநர்களின் கைக்கு வந்தன. அவர்களுள் ஒருவரான டிக் சீபெக், தம் வண்டிக்காகத் தேடத் தொடங்கிய அகல டயர்களை மற்றவர்களுக்கும் விற்று, நாளடைவில் அந்தத் தொழிலின் முதன்மைப் பெயர்களுள் ஒன்றாக ஆனார். மண்ணைக் காப்பாற்றப் பிறந்த டயர், மண்ணைக் கிளறும் விளையாட்டுக்கு அடிப்படையாயிற்று என்பது இவ்வரலாற்றின் கேலிகளுள் ஒன்று.

பாலைநில ஓட்டத்துக்குப் பெயரும் புகழும் வந்தது மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில். 1967-இல் டிஹுவானாவிலிருந்து லா பாஸ் வரை நடந்த முதல் மெக்சிகன் 1000 பந்தயத்தில், விக் வில்சனும் டெட் மாங்கெல்ஸும் 27 மணி 38 நிமிடத்தில் வென்றனர். அவர்கள் ஓட்டியது நான்கு சக்கர இழுவை வண்டியன்று. ஃபோக்ஸ்வாகன் எஞ்சின் பொருத்திய எடை குறைந்த மணல்வண்டி. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1969-இல், லாரி மைனரும் ராட் ஹாலும் ஃபோர்டு ப்ராங்கோவில் ஒட்டுமொத்த வெற்றியைப் பெற்றபோதுதான் இழுவை வண்டிகளுக்குப் பாஹாவில் மதிப்பு உண்டாயிற்று. அந்த ப்ராங்கோக்களைப் பந்தயத்துக்குச் சித்தப்படுத்தியவர் பில் ஸ்ட்ராப். அவருடைய பட்டறையின் கைவண்ணத்தோடு 1971 முதல் 'பாஹா ப்ராங்கோ' என்ற சிறப்பு வடிவத்தை ஃபோர்டு முகவர்கள் வழியாகவே விற்றனர். அந்த வண்டியில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு: அகலமான டயருக்கு இடம் வேண்டி அவர்கள் முதலில் கைவைத்தது ஸ்பிரிங்கில் அன்று, தகட்டில். சக்கர வளைவை வெட்டிப் பெரிதாக்கி, வெட்டுவாய்க்கு வெளியே வளைவான விளிம்புகளைப் பொருத்தினர். வேகமாகத் திரும்பும் வண்டிக்கு உயரம் பகை என்பதைப் பந்தயக்காரர்கள் அறிந்திருந்தனர். டயர் பெரிதாகவேண்டும், ஆனால் மேற்கூடு ஏறக்கூடாது என்ற அவர்களுடைய கணக்கு, பிற்காலத்தில் அவர்களைப் பார்த்து வண்டி வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை.

கிழக்கே, லூசியானாவின் சதுப்புநிலத்தில் தேவை வேறாக இருந்தது. அங்கே இயங்கிய இன்டர்கோ நிறுவனத்தின் 'சூப்பர் ஸ்வாம்பர்' டயர்கள், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் உயரமான ரப்பர்க் கட்டைகளைக் கொண்டவை. சுழலும்போது இடையில் சிக்கிய சேற்றை எறிந்துவிட்டு மறுபடி புதுச்சேற்றைப் பற்றும் வகையில் அமைந்தவை. கெட்டித் தார்ச்சாலையில் அவை எழுப்பிய ஓசை காதைத் துளைத்தது. இதற்கு நேரெதிரான முனையில், பி.எஃப். குட்ரிச் நிறுவனம் 1976-இல் தன் 'ஆல்-டெரெய்ன்' டயரை வெளியிட்டது. உள்ளிருக்கும் இழைகள் குறுக்குமறுக்காகச் செல்லாமல், மையத்திலிருந்து ஆரைபோல நேராகச் சென்று, மேலே எஃகுப் பட்டையால் இறுக்கப்படும் ரேடியல் முறையை மிஷ்லின் நிறுவனம் 1946-லேயே காப்புரிமை பெற்றிருந்தபோதிலும், அதைக் கரடுமுரடான நிலத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் பொதுவான டயராகக் கொண்டுவந்தது இந்த 1976-ஆம் ஆண்டு முயற்சிதான். இதன் விளைவு தொழில்நுட்பத்தைவிடப் பெரியது. வார நாளில் அலுவலகத்துக்கும் வார இறுதியில் மலைக்கும் ஒரே பெரிய டயரோடு போகலாம் என்றானபின், பெரிய டயர் கொட்டகையில் காத்திருக்கும் கருவியாக இல்லாமல் எப்போதும் கண்ணில் படும் அணியாக மாறத் தொடங்கியது. இந்தக் காலத்தில் பரவிய 31x10.50R15 போன்ற குறியீட்டில் மொத்த விட்டமே முதலில் நிற்பதையும் காணலாம். கார்களுக்கு வந்த 265/70R17 என்ற மெட்ரிக் குறியீட்டில் விட்டம் மறைந்திருக்கும். 265 மில்லிமீட்டர் அகலத்தில் 70 விழுக்காட்டைப் பக்கச்சுவராகக் கொண்டு, அதை இரட்டித்து, 17 அங்குல ரிம்மோடு கூட்டினால்தான் அது ஏறத்தாழ 31.6 அங்குல டயர் என்று தெரியவரும்.

டயர் கிடைத்துவிட்டதால் உயரமும் கடையில் விற்கப்படலாயிற்று. 1970களில் லிஃப்ட் கிட் எனப்படும் உயர்த்தும் தொகுப்புகள் இரு வகையாக வந்தன. அதிக வளைவுள்ள பட்டைகளையோ, அச்சுக்கும் பட்டைக்கும் இடையே செருகும் இரும்புக் கட்டைகளையோ தந்தவை சஸ்பென்ஷன் லிஃப்ட். சேசிஸுக்கும் மேற்கூட்டுக்கும் நடுவே உருளைகளை வைத்தவை பாடி லிஃப்ட். இரண்டாவது வகை மலிவானது. தரை இடைவெளியில் அது எதையும் கூட்டவில்லை. முதல் வகையோ வண்டியின் மற்ற உறுப்புகளிடம் கடன் வாங்கி உயரம் தந்தது. கியர்பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிகக் கோணத்தில் சாய்ந்து அதன் மூட்டுகள் தேய்ந்தன. ஸ்டீயரிங் கம்பிகள் தம் கோணத்தை இழந்தன. பிரேக் எண்ணெய்க் குழாய்கள் எட்டாமல் இழுபட்டன. டயரின் பங்கு இதைவிடக் கனமானது. 31 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குல டயர் மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 13 விழுக்காடு கூடுதலாக நகரும்; வேகமானி மணிக்கு 60 மைல் காட்டும்போது உண்மை வேகம் 68 மைலை நெருங்கும்; டிஃபரென்ஷியலில் உள்ள கிரவுன் சக்கரமும் பினியனும் 3.73-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் அது 3.30 ஆகச் சுருங்கியதுபோல எஞ்சின் திணறும். அந்த இழப்பை மீட்க 4.10 அல்லது 4.56 விகிதப் பற்சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றவேண்டும். இப்படி ஒன்று மற்றொன்றைக் கேட்க, டயரில் தொடங்கிய செலவு வண்டியின் பாதியை மாற்றியபின் ஓய்வதே வழக்கமாயிற்று.

இந்தத் தொடர்விளைவு எதுவரை போகும் என்பதை மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பகுதியில் நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்கான கடை நடத்திவந்த பாப் சாண்ட்லர் காட்டினார். 1974-இல் வாங்கிய ஃபோர்டு எஃப்-250 வண்டியில் அவர் டயரைப் பெரிதாக்கினார், அச்சு உடைந்தது. கனமான அச்சை மாட்டினார், இன்னும் பெரிய டயர் மாட்ட இடமும் வலிவும் கிடைத்தன, மறுபடி உடைந்தது. இப்படி உடைத்துக்கொண்டே போனதற்குக் காரணம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் அவருடைய கனமான கால்தான் என்று கடைக்காரர்கள் கேலி செய்ததிலிருந்தே வண்டிக்கு 'பிக்ஃபுட்' என்ற பெயர் வந்தது. ராணுவ லாரிகளின் அச்சுகளில் போய் நின்ற அந்த வண்டி 1981-இல் வயல்வெளியொன்றில் பழைய கார்களின்மீது ஏறி அவற்றை நசுக்கியது. அடுத்த சில ஆண்டுகளில், வயல் பொறிகளுக்குரிய அதே டெர்ரா டயரின் 66 அங்குல வடிவத்தை அணிந்து, அரங்கம் நிறைந்த கூட்டத்துக்குக் காட்சியாயிற்று. 1986-இல் கட்டப்பட்ட ஐந்தாவது பிக்ஃபுட், அலாஸ்காவின் பனிவெளிக்காக ராணுவம் செய்வித்த தொடர்வண்டியின் 10 அடி உயர டயர்களின்மேல் நின்றது. அதனால் வேறு பயன் எதுவும் இல்லை. பயன் எதிர்பார்க்கப்படவும் இல்லை. எண்பதுகளில் வளர்ந்த அமெரிக்கச் சிறுவர்களின் கண்ணில் உயரமான வண்டி என்ற உருவம் பதிந்ததில் இந்தக் காட்சிகளுக்கு உள்ள பங்கை ரூபிகான் தடத்துக்கோ பாஹாவுக்கோ தர முடியாது.

உயரத்தின் விலை அதே காலத்தில் பொதுப்பேச்சுக்கு வந்தது. 1980 டிசம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, சி.ஜே-5 ஜீப் திடீர்த் திருப்பங்களில் கவிழ்வதைக் காட்டும் சோதனைகளை ஒளிபரப்பியது. கவிழும் வாய்ப்பை அளக்கப் பிற்காலத்தில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் கையாண்ட அளவை எளிமையானது: இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கவேண்டும். கார்களுக்கு இது பெரும்பாலும் 1.30 முதல் 1.50 வரையும், எஸ்.யு.வி. வகைகளுக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் 1.00 முதல் 1.30 வரையும் இருக்கும். எடுத்துக்காட்டாக, சக்கர இடைவெளி 62 அங்குலமும் ஈர்ப்பு மைய உயரம் 28 அங்குலமும் கொண்ட வண்டியின் அளவை 1.11; முன்புறத்தை மட்டும் 2 அங்குலம் உயர்த்துவதால் மையம் ஏறத்தாழ 1 அங்குலமும், விட்டத்தில் 2 அங்குலம் பெரிய டயரால் மேலும் 1 அங்குலமும் ஏறினால், அளவை 1.03 ஆக இறங்கிவிடும். கடையில் சிறிய வேலை என்று சொல்லப்படுவது இது. 1987-ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ரேங்ளர் ஜீப், முந்தைய சி.ஜே வகையைவிடத் தாழ்வாகவும் அகலமாகவும் அமைக்கப்பட்டது. நிறுவனம் இறக்கிக் கொடுத்ததை வாங்கியவர்கள் தங்கள் செலவில் ஏற்றிக்கொண்டனர்.

சட்டம் இதில் தயக்கத்தோடுதான் நுழைந்தது. கூட்டரசின் பாதுகாப்புச் சட்டம், உற்பத்தியாளரும் விற்பனையாளரும் பட்டறைக்காரரும் வண்டியின் பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்யக்கூடாது என்கிறது. வண்டியின் உரிமையாளர் தம் கையால் செய்துகொள்வதை அது கட்டுப்படுத்தவில்லை. கார்களின் பம்பர் தரையிலிருந்து 16 முதல் 20 அங்குலத்துக்குள் மோதலைத் தாங்கவேண்டும் என்ற விதியும் சரக்கு வண்டி வகைகளுக்குப் பொருந்தாது. ஆகவே உயரமான வண்டி ஒரு சிறு காரின்மீது மோதினால் பம்பர் பம்பரைச் சந்திக்காமல் கண்ணாடியைச் சந்திக்கும் என்ற கவலை மாநிலங்களிடம் விடப்பட்டது. சில மாநிலங்கள் வண்டியின் மொத்த எடைத் தகுதிக்கேற்பப் பம்பரின் மேலெல்லையை வகுத்தன. சில சேசிஸின் உயரத்தை அளந்தன. வட கரோலினாவோ, உற்பத்தியாளர் குறித்த உயரத்திலிருந்து முன்னோ பின்னோ 6 அங்குலத்துக்குமேல் ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றது. ஒரு மாநிலத்தில் குற்றமற்ற வண்டி எல்லை தாண்டியதும் அபராதத்துக்கு உரியதாவது இன்றும் தொடர்கிறது.

லெவலிங் கிட் என்னும் சமப்படுத்தும் தொகுப்பு பிறப்பதற்கு வண்டியின் முன்பாதி மாறவேண்டியிருந்தது. சாலையில் மென்மையாக ஓடவேண்டும் என்பதற்காக உற்பத்தியாளர்கள் முன்புறத் திட அச்சைக் கைவிட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் அசையும் முறைக்கு வந்தனர். ஃபோர்டு 1980-இலும், டொயோட்டா தன் 1986 மாதிரிகளிலும், ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெரிய சரக்கு வண்டிகளில் 1988-இலும் இந்த மாற்றத்தைச் செய்தன. பின்புறம் மட்டும் பழைய திட அச்சும் பட்டைகளுமாக நின்றது. பாறையேறிகள் இதை மன்னிக்கவில்லை. புதிய வண்டியை வாங்கி அதன் முன்புறத்தை அறுத்தெடுத்துப் பழைய அச்சைப் பொருத்திக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் புதிய முறையில் டிஃபரென்ஷியல் பெரும்பாலும் சேசிஸோடு சேர்த்துக் கட்டப்படுவதால், முன்புறத்தை உயர்த்தினால் அதுவும் உடன் உயரும் என்பதையும் சொல்லவேண்டும். பின்னச்சு மட்டும் டயரை நம்பியே நிற்கும்.

இந்த வண்டிகள் காலியாக நிற்கும்போது மூக்கு தாழ்ந்தும் பின்புறம் ஓரிரு அங்குலம் தூக்கியும் இருக்கும். இது வடிவமைப்பின் குறையன்று. பின்பட்டைகள் சரக்கையும் பின்னால் இழுக்கும் டிரெய்லரின் பாரத்தையும் எதிர்பார்த்து அமைக்கப்படுபவை. பாரம் ஏறியதும் பின்புறம் இறங்கி வண்டி மட்டத்துக்கு வரும். பாரம் ஏற்றாமலே வண்டியை வைத்திருந்தவர்களின் தொகை பெருகப் பெருக, தாழ்ந்த மூக்கு கண்ணை உறுத்தும் குறையாகப்பட்டது. அதை நீக்கும் வழியை உற்பத்தியாளர்களே அறியாமல் வைத்துக் கொடுத்திருந்தனர். டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் முன்புறத்தில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக டார்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பியைப் பயன்படுத்தின. ஒரு முனை சக்கரக் கையோடும் மறுமுனை சேசிஸில் உள்ள சாவித் துண்டோடும் பிணைக்கப்பட்ட இந்த எஃகுக் கம்பி, சக்கரம் ஏறும்போது முறுக்கப்பட்டு எதிர்விசை தருகிறது. சாவித் துண்டை அழுத்தும் போல்ட்டை ஸ்பேனரால் திருகினால் முன்புறம் உயரும். தொழிற்சாலையில் உயரத்தைச் சரிக்கட்டுவதற்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. ஒரு காசும் செலவில்லாமல் அரைமணி நேரத்தில் மூக்கு எழுந்துவிட்டதால், தொண்ணூறுகளில் இது பரவலான வழக்கமாயிற்று. போல்ட் எட்டாத உயரத்துக்கு, கோணம் மாற்றி வெட்டிய சாவித் துண்டுகள் விற்பனைக்கு வந்தன. சமப்படுத்தும் கிட் என்று முதலில் தனிப்பொருளாகக் கடையில் தொங்கியவற்றுள் இவையும் அடங்கும்.

பின்னர் வந்த வண்டிகளில் முறுக்குக் கம்பி மறைந்து, சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த ஸ்ட்ரட் இடம்பிடித்தது. ஃபோர்டு எஃப்-150 தன் 2004 மாதிரியிலும், ஷெவர்லே சில்வராடோ 1500 தன் 2007-ஆம் ஆண்டுப் புதிய வடிவிலும் இதை ஏற்றன. இப்போது திருக போல்ட் இல்லை. அதனால் ஸ்ட்ரட்டின் தலைக்கும் அது மாட்டப்படும் கிண்ணத்துக்கும் இடையில் செருகும் அலுமினிய அல்லது பாலியூரித்தேன் வில்லைகள் வந்தன. சக்கரக் கையின் நடுப்பகுதியில் ஸ்ட்ரட் ஊன்றுவதால், ஏறத்தாழ 1 அங்குலக் கனமுள்ள வில்லை சக்கரத்தருகே 2 அங்குல உயரமாகப் பெருகும். 2 அங்குல உயரத்துக்கு 2 அங்குல வில்லையைத் தேடியவர்கள் இந்த நெம்புகோல் கணக்கைக் கேட்டு வியப்பது உண்டு. இவ்வாறு தலையில் வைக்கும் வில்லை ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை, சவாரியும் பெரிதாகக் கெடுவதில்லை. கெடுவது வேறிடம். ஸ்ட்ரட் முழுதும் கீழே தள்ளப்படுவதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது முன்பு எட்டாத ஆழத்துக்கு இறங்கி, மேற்கை சுருளில் இடிக்கும். பந்து மூட்டுகள் தம் எல்லையைத் தொடும். டிஃபரென்ஷியலிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் தண்டுகள் அதிகக் கோணத்தில் சாய்ந்து ரப்பர் உறைகள் கிழியும். சக்கரத்தின் தலை உள்ளோ வெளியோ சாயும் கேம்பரும், ஸ்டீயரிங்கைத் தானே நேருக்குத் திருப்பும் காஸ்டர் சாய்வும் மாறிவிடுவதால், வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டப்பட்ட புதிய பெரிய டயர்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து சில மாதங்களில் பழசாகிவிடும். பாரம் ஏற்றினாலோ, சமப்படுத்திய வண்டி பின்னே அமிழ்ந்து மூக்கைத் தூக்க, முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இந்த வில்லைகள் பரவிய காலம் டயர்மீதான பொதுமக்களின் நம்பிக்கை குலைந்திருந்த காலமும் ஆகும். 2000 ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் நிறுவனம், பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் இருந்த 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே மேற்பட்டை உரிந்து வண்டி கவிழ்ந்த விபத்துகளுக்குக் காரணம் டயரின் செய்முறையா, ஃபோர்டு பரிந்துரைத்த 26 பவுண்டு என்ற குறைந்த காற்றழுத்தமா, வண்டியின் நிலைத்தன்மையா என்று இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று கைகாட்டின. அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் வழியாக டயர் அழுத்தக் கண்காணிப்புக் கருவி கட்டாயமாயிற்று. பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் விளக்கு எரியும். மணலுக்காகக் காற்றை இறக்கும் பழைய வழக்கத்துக்கு இந்த விளக்கு ஓயாத எரிச்சலாயிற்று. 2012 மாதிரிகள்முதல் எல்லா இலகு வண்டிகளுக்கும் கட்டாயமான மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு இன்னும் ஆழமாகப் பாய்ந்தது. சக்கரங்களின் சுழல்வேகத்தையும் வண்டி பக்கவாட்டில் வழுக்குவதையும் கணித்து தானே பிரேக் போடும் இந்த அமைப்பு, டயரின் விட்டமும் வண்டியின் உயரமும் தொழிற்சாலை வைத்தபடியே இருப்பதாக நம்பி இயங்குகிறது. அதனால் லிஃப்ட் கிட் செய்த நிறுவனங்கள், தம் கிட் பொருத்திய வண்டியும் அந்தப் பாதுகாப்புத் தரத்தை நிறைவேற்றுகிறது என்று காட்டச் சோதனைக்களம் தேடவேண்டியதாயிற்று.

உற்பத்தியாளர்கள் இதற்குள் தங்கள் முடிவை எடுத்துவிட்டிருந்தனர். பிறர் சம்பாதிக்கும் வேலையைத் தாமே செய்துவிடலாம் என்பதே அது. 2003-இல் ரேங்ளரின் ரூபிகான் வகை, அந்தத் தடத்தின் பெயரையே தாங்கி, பெரிய டயர்களோடும் பூட்டும் டிஃபரென்ஷியல்களோடும் வந்தது. ஃபோர்டின் 2010 ராப்டர் பாஹாவின் பெயரால் 35 அங்குல டயரோடு விற்கப்பட்டது. 2021-இல் அதே ராப்டருக்கு 37 அங்குல டயரும், மீண்டும் பிறந்த ப்ராங்கோவுக்கு 35 அங்குல டயரும் தொழிற்சாலையிலேயே கிடைத்தன. இவற்றைவிடப் பொருள் நிறைந்தது, ஷெவர்லே தன் 2019 சில்வராடோவில் 'டிரெயில் பாஸ்' என்ற பெயரில் 2 அங்குல உயர்த்தலை உத்தரவாதத்தோடு சேர்த்து விற்றது. ரூபிகானும் ராப்டரும் ஏதோவொரு நிலத்தைச் சுட்டிக்காட்டின; இந்த 2 அங்குலம் அந்த அளவுக்கு எந்த நிலத்தையும் கோரவில்லை. இத்தகைய வண்டிகளில் பெரும்பகுதி தார்ச்சாலையைவிட்டு இறங்குவதே அரிது என்பது அவற்றை விற்பவர்களுக்கும் தெரியும்.

உயரம் தனக்கெனவே விரும்பப்படும்போது அது எத்திசையிலும் போகலாம் என்பதைக் கரோலினா ஸ்க்வாட் எனப்பட்ட மோகம் காட்டியது. முன்புறத்தை வெகுவாக உயர்த்தி, பின்புறத்தைத் தரையோடு ஒட்ட இறக்கும் இந்த அமைப்பில் ஓட்டுநருக்கு முன்னேயுள்ள சாலையே சரிவரத் தெரியாது. பின்புறத்தைத் தாழ்த்தி ஓடும் பாலைநிலப் பந்தய வண்டிகளிலிருந்து வந்தது என்று இதற்கு வமிசம் சொல்வார்கள். முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக்கூடாது என்று வட கரோலினா விதித்த தடை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. வர்ஜீனியா 2022-இலும் தென் கரோலினா 2023-இலும் அதைப் பின்பற்றின. இந்தியாவில் இந்தக் கேள்வி மாநிலத்துக்கு மாநிலம் பிரிந்து கிடக்கவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது.

அமெரிக்கப் பட்டறைகளில் இன்று வில்லையைச் செருகும் வேலை முடிந்தபின் இன்னொரு வேலை தொடங்குகிறது. முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் உள்ள கேமராவும் முகப்பில் உள்ள ரேடாரும் தடக்கோட்டையும் முன்செல்லும் வண்டியின் தொலைவையும் தொழிற்சாலை உயரத்திலிருந்தே கணிப்பவை. மூக்கு 2 அங்குலம் எழுந்ததும் அவற்றின் பார்வைக்கோணம் மாறிவிடுகிறது. அதனால் அலைன்மென்ட் மேடையிலிருந்து இறங்கும் வண்டியை அளவுப்பலகைகளுக்கு முன்னே நிறுத்தி அந்தக் கருவிகளுக்குப் புதிய உயரத்தைக் கற்பிக்கவேண்டியிருக்கிறது. இதற்கு ஆகும் கட்டணம் பல இடங்களில் வில்லைகளின் விலையை மிஞ்சுகிறது.